ஜூனில் படித்ததற்கு மே மாதத்தில் மார்க்

தென்காசியிலிருந்து சுரண்டைப் பக்கமாகப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம் போனால் சுந்தரபாண்டியபுரம். சின்னப் பேரூராட்சி. வயல், குளம், ஓட்டு வீடுகள், மேற்கே எட்டிப் பார்க்கும் மலை. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டால், கொஞ்ச நாளில் இந்தப் பக்கம் சூரியகாந்தி பூத்துவிடும். ஆய்க்குடி, சாம்பவர் வடகரை என்று சுற்றுவட்டாரத்திலும் சூரியகாந்தி உண்டு; பெயர் வாங்கியது என்னவோ சுந்தரபாண்டியபுரம்தான். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்கள், புளியரை தாண்டி வரும் கேரளக் கார்கள், திருநெல்வேலியிலிருந்து பைக்கில் வரும் கல்லூரிப் பையன்கள் என்று ஞாயிற்றுக்கிழமை வயலோரம் கால் வைக்க இடம் இருக்காது. எல்லார் கையிலும் செல்போன்.

ஊருக்குக் கேமரா புதிதல்ல. 1992-ல் வந்த 'ரோஜா' படத்தின் நாயகி இந்த ஊர்ப் பெண்ணாகத்தான் அறிமுகமானாள். 2005-ல் 'அந்நியன்' படத்துக்காகக் கலை இயக்குநர் சாபு சிரில் தெரு, வீடு, பாறை என்று ஒன்றையும் விடாமல் வண்ணம் அடிக்க வைத்தார். நடிகர்களின் முகம் தீட்டிய பாறையைத் தேடி அதற்குப் பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்போதெல்லாம் ஊர்ப் பிள்ளைகள் ஓரமாக நின்று ஷூட்டிங் வேடிக்கை பார்த்தார்கள். இன்றைக்கு அதே தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பையனே இயக்குநர், கேமராமேன், எடிட்டர் எல்லாம். அவன் எடுத்த சூரியகாந்தி ரீல்ஸை எங்கோ துபாயில் இருக்கும் சித்தப்பா பார்த்து ஹார்ட் போடுகிறார்.

"எந்நேரமும் போனுதான், படிப்பே ஏறமாட்டேங்குது" என்ற புலம்பலைத் தென்காசி மாவட்டத்தில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கேட்கலாம். புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பையன் அந்த ஒரு நிமிட வீடியோவுக்காக என்னென்ன கற்றுக்கொண்டான் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. காலை ஏழு மணி வெயிலுக்கும் பதினோரு மணி வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்குத் தெரியும். முதல் மூன்று நொடியில் பார்ப்பவரைப் பிடிக்காவிட்டால் ஆள் கைவிட்டுப் போய்விடும் என்று தெரியும். எந்தக் காட்சியை எங்கே வெட்ட வேண்டும், பாட்டின் தாளம் எங்கே விழ வேண்டும் என்று தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் அதட்டவும் இல்லை. ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டிச் சலிக்காமல் செய்கிறான். அதே பையன் இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால் பத்தாவது நிமிடம் கொட்டாவி.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்திருக்கும். மத்தியானத்துக்கு மேல் வருகிற கேரளக் குடும்பங்கள் பூக்களின் முகத்தோடு படம் எடுக்க ஆசைப்பட்டு, வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்று திணறுவார்கள். காரணம், முற்றி மலர்ந்த சூரியகாந்தி சூரியனோடு சேர்ந்து திரும்புவதில்லை. கிழக்கைப் பார்த்தபடி நின்றுவிடுகிறது. திரும்புவதெல்லாம் இளம் மொட்டுகள்தான்: காலையில் கிழக்கே, மாலையில் மேற்கே, இரவோடு இரவாக மறுபடி கிழக்கே. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் 'சயன்ஸ்' இதழில் இதன் காரணத்தை எழுதினார்கள். தண்டின் ஒரு பக்கம் பகலிலும் மறுபக்கம் இரவிலும் கூடுதலாக வளர்வதால் மொட்டு திரும்புகிறது. வளர்ச்சி நின்றதும் திரும்புவதும் நின்றுவிடுகிறது. கிழக்கு பார்த்த பூ காலை வெயிலில் சீக்கிரம் சூடேறுவதால், மேற்குப் பக்கம் திருப்பி வைத்த பூவைவிட ஐந்து மடங்கு வரை அதிகமாகத் தேனீக்கள் அதற்கு வந்தன. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'ஒளிச்சார்பசைவு' என்ற தலைப்பில் இதற்குப் பக்கத்து வீட்டுச் சங்கதி இருக்கிறது. பையன் அதை இரண்டு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்கிறான். வயலில் போனை ஸ்டாண்டில் வைத்து ஒரு மொட்டை விடிந்ததிலிருந்து அடைகிற வரை டைம்லாப்ஸ் எடுத்தால் அதுவும் ஒளிச்சார்பசைவின் உறவுதான் என்று அவனிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஜூன் மாதம் அவன் ஒரு பாடத்தை மனது வைத்துப் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பத்தாம் வகுப்பென்றால் மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு, மே மாதம் ரிசல்ட். ஜூனில் பட்ட பாட்டுக்கு மே மாதத்தில் ஒரு எண் வரும். அந்த எண்ணில் ஒளிச்சார்பசைவு எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ரீல்ஸ் போட்டாலோ, பல் தேய்த்து முடிப்பதற்குள் நாற்பது பேர் பார்த்திருப்பார்கள்.

மனிதர் எதில் தானாக முனைந்து இறங்குவார் என்பதை எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். நம் விருப்பப்படி செய்கிறோம் என்ற எண்ணம், இது நமக்குக் கைவருகிறது என்ற நம்பிக்கை, நம்மைச் சேர்ந்தவர்களோடு ஒட்டியிருக்கிறோம் என்ற உணர்வு. இந்த மூன்றும் இருந்தால் யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை என்பது அவர்கள் கண்டது. ஒரு ரீல்ஸ் பத்து நிமிடத்தில் மூன்றையும் தந்துவிடுகிறது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறை, நல்ல ஆசிரியர் அமைந்தால் தருகிறது. அமையாவிட்டால் ஒன்றையும் தருவதில்லை.

போன் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து எட்டு வரையான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. இன்றைக்குப் பதினைந்து வயதாகும் பிள்ளை அப்போது மூன்றாவதோ நான்காவதோ படித்திருக்கும். 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது. கடையம், ஆலங்குளம், சுரண்டை வட்டாரத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் வீடுகள் ஏராளம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்கும் தாய்மார்களுக்கு அன்று புதுப் போன் வாங்குவது சாதாரணக் காரியம் இல்லை. கடனோ உடனோ பட்டு வாங்கினார்கள், பாடப் புத்தகம் வாங்குகிற அதே பொறுப்போடு. பள்ளிதான் வாங்கச் சொன்னது. இப்போது அதே வீட்டில் "ஏலே, அந்தப் போன கீழ வையிலே" என்று சத்தம் கேட்டால், பையனுக்குக் குழப்பம் வராதா?

திரையைப் பார்த்துப் படித்த அந்த ஒன்றரை வருடம் என்ன செய்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல ஆய்வு இருக்கிறது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ மூவரும் கிராமப்புறப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரைப் பரிசோதித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கிலும் தமிழிலும் பெரிய இழப்பு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்தத் திட்டத்தில் தொழில்நுட்பம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தெருவிலேயே இருக்கும் ஒரு அக்கா, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், திண்ணையோ கோவில் மண்டபமோ, இருபது பிள்ளைகள். பிள்ளை வராவிட்டால் அக்கா வீட்டுக்கே வந்து நிற்பாள். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

இந்தியக் கிராமங்களில் பிரதம் அமைப்பு எடுக்கும் 'அசர்' கணக்கெடுப்பின் 2024 அறிக்கை இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி நிறையச் சொல்கிறது. 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும். அப்படித் தெரிந்தவர்களில் 57 விழுக்காட்டினர் முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியிருந்தார்கள்; 76 விழுக்காட்டினர் சமூக ஊடகத்துக்காக. செய்தித்தாள்கள் இரண்டாவது எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டன. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் நூற்றைத் தாண்டி 33 நிற்கிறது. அதாவது போன் தெரிந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளையாவது அதே வாரத்தில் இரண்டையும் செய்திருக்கிறது. 'படிக்கிற பிள்ளை', 'போன் பார்க்கிற பிள்ளை' என்று இரண்டு சாதி இல்லை; ஒரே பிள்ளைதான், ஒரே போனில்.

அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஓர் எண் உண்டு. போன் தெரிந்த பையன்களில் 36 விழுக்காட்டினர் சொந்தப் போன் வைத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளில் 27. சுந்தரபாண்டியபுரம் பக்கம் வயலோரத்தில் எடுத்த படத்தைத் தைரியமாகப் பதிவேற்றுவது யார் என்று பார்த்தாலே இது விளங்கும். பையனிடம் போன் இருந்தால் 'படிப்பு கெட்டுப்போகும்' என்று பயப்படும் வீடு, பெண்ணிடம் இருந்தால் வேறொன்றுக்குப் பயப்படுகிறது. சமூக ஊடகத்தில் இருப்பவர்களில், ஒரு கணக்கைத் தடுப்பதோ புகார் செய்வதோ எப்படி என்று தெரிந்தவர்கள் 62 விழுக்காடுதான் என்பதால் அந்தப் பயத்தை முழுக்கப் பழமைவாதம் என்று தள்ளவும் முடியவில்லை. ஆனால் விளைவு என்னவென்றால், நீட் பாடமோ, தமிழில் கணினி மொழி சொல்லித்தரும் வீடியோவோ பார்க்க, தம்பி விளையாடி முடிக்கும் வரை அக்கா காத்திருக்கிறாள்.

இதுவரை சொன்னதை வைத்து, பள்ளியும் ரீல்ஸ் மாதிரி உடனுக்குடன் பரிசு கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டிவிடலாம். பல கல்விச் செயலிகள் அப்படித்தான் கட்டின: நட்சத்திரம், பாயின்ட், நாள் தவறாமல் வந்தால் தீப்பொறி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் போடுவதில் ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், படம் வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் அந்தப் பக்கம் போனார்கள்.

ரீல்ஸ் போடுகிற பையனுக்கும் இதே கதி வரும், வருகிறது. முதல் சூரியகாந்தி வீடியோவை அவன் ஆசைக்கு எடுத்தான். அதற்கு ஆயிரம் பேர் வந்துவிட்டால், இரண்டாவதை ஆயிரத்துக்காக எடுக்கிறான். மூன்றாவதற்கு ஐம்பது பேர்தான் வந்தார்கள் என்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வெளிச்சம், வெட்டு, தாளம் எல்லாம் பின்னால் போய், எது ஓடும் என்ற ஒரே கேள்வி முன்னால் வருகிறது. எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாததுதான் இதில் பெரிய கொக்கி; எப்போதாவது விழும் பரிசுதான் பழக்கத்தை அறாமல் வைக்கும் என்று பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்தே காட்டிவிட்டார். போதாததற்கு, கீழே கீழே போனாலும் முடியாத திரை. அதை 2006-ல் வடிவமைத்த அசா ராஸ்கின், பின்னால் அதற்காக வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். வருத்தம் பதினாறு வயதுப் பிள்ளையின் கட்டைவிரலை நிறுத்தவில்லை.

தடை போட்டால்? தென்காசி, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிற மாவட்டம். 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக்கைத் தடை செய்யச் சொல்லி உத்தரவிட்டது அந்தக் கிளைதான். மூன்று வாரத்தில் விலக்கிக்கொண்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கை ஒரேயடியாக நிறுத்தியது. ஜூலை 8-ம் தேதி இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். இடையில் காலியாக இருந்தது ஒன்பது நாள். 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. அதே மாதத்தில் மதுரைக் கிளை, அப்படி ஒரு சட்டத்தை இங்கேயும் யோசிக்கலாம் என்று மத்திய அரசுக்குச் சொன்னது.

பள்ளிக்குள் போன் வேண்டாம் என்பது வேறு விஷயம், அதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. இங்கிலாந்தில் நான்கு நகரங்களின் 91 பள்ளிகளை ஆராய்ந்த பெலாண்டும் மர்ஃபியும், தடைக்குப் பிறகு தேர்வு மதிப்பெண் கூடியது என்றும், பின்தங்கிய மாணவர்களுக்குத்தான் அதிகப் பயன் என்றும் கண்டார்கள். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. சுவீடனில் அதையே செய்து பார்த்தபோது எந்தப் பயனும் தெரியவில்லை. ஆக, பள்ளி நேரத்தில் போனை எடுத்து வைப்பதில் நட்டம் இல்லை. ஆனால் போனை எடுத்து வைத்ததனாலேயே படிக்கிற ஆசை வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசை.

தென்காசிக்குத் தெற்கே, கடையம் போகும் வழியில் மத்தளம்பாறை. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம் இந்த வட்டாரத்தில் 2011-ல் அலுவலகம் திறந்தது. 'ஜோஹோ டெஸ்க்' மென்பொருள் இங்கே உருவானதுதான். அதற்கு முன்பே, 2004-ல், சென்னையில் அந்த நிறுவனம் ஆறு மாணவர்களையும் இரண்டு ஆசிரியர்களையும் வைத்து ஒரு பள்ளி தொடங்கியிருந்தது. பின்னால் தென்காசிக்கும் வந்தது. பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்கள், இரண்டு வருடப் படிப்பு. கட்டணம் இல்லை; மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை. பள்ளி மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, நுழைவுத் தேர்வும் நேர்காணலும்தான்.

சுந்தரபாண்டியபுரம் ரீல்ஸ் பையனைவிட மூன்று நான்கு வயதே மூத்தவர்கள் அங்கே நாள் முழுக்கத் திரை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் அதைக் 'கெட்டுப்போவது' என்று சொல்வதில்லை. திரையில் நடக்கிற வேலை வேறு. எழுதிய நிரலில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் அந்த நொடியிலேயே பிழை என்று வந்துவிடும். மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம். பிழை சொல்வது ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் இல்லை என்பதால் முகம் வாடுவதும் இல்லை. திருத்தினால் ஓடுகிறது. ஓடியதைப் பக்கத்தில் இருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ காட்டலாம். அவர்கள் அதே வழியில் வந்தவர்கள். தன் பொறியாளர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் இந்தப் பள்ளி வழியாக வந்தவர்கள் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது.

இதைப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. ஒரு நிறுவனம் தன் தேவைக்குச் செதுக்குகிற பள்ளி அது; பட்டம் கிடையாது; விண்ணப்பிக்கிறவர்களில் சிலருக்கே இடம். மாவட்டத்தின் மொத்தப் பிள்ளைகளுக்கும் அது விடையாகாது. ஆனால் இந்த மண்ணின் பிள்ளைகளுக்குத் திரை ஒத்துவராது, பொறுமை கிடையாது என்று சொல்பவர்களுக்கு விடை.

பாடம் மட்டும் கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். பாடம் கொட்டிக் கிடக்கிறது. அரசின் மணற்கேணி செயலி 2023 ஜூலையில் வந்தது. அறிவியலை எளிய தமிழில் செய்து காட்டும் எல்.எம்.இ.எஸ். இருக்கிறது. தமிழில் கணினி வகுப்பு எடுக்கும் யூடியூப் சேனலாகத் தொடங்கிய 'கூவி', ஐஐடி மெட்ராஸ் ஆதரவோடு நிறுவனமாகி, 2022-ல் எச்.சி.எல். கைக்குப் போகிற அளவுக்கு வளர்ந்தது. ஒரு காலத்தில் தென்காசிப் பிள்ளைக்குக் கனவிலும் கிடைக்காதவை. இருந்தும், ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையவழி வகுப்புகளை ஆராய்ந்து 2019-ல் வந்த கட்டுரை ஒன்று, நூறு பேர் சேர்ந்தால் மூன்று பேர்தான் முடித்தார்கள் என்றது. அதுவும் பெரும்பாலும் வளர்ந்தவர்கள், தாமே விரும்பிச் சேர்ந்தவர்கள். நாம் பாதியில் விட்டால் கேட்க ஆள் இல்லாத இடத்தில் பாதியில் விடுவதுதான் இயல்பு. திண்ணையில் உட்கார்ந்த இல்லம் தேடிக் கல்வி அக்காவுக்கு ஹார்வர்டு பேராசிரியரின் பாடம் தெரியாது. ஆனால் நேற்று ஏன் வரவில்லை என்று அவளுக்குக் கேட்கத் தெரியும்.

அப்படியானால் டைம்லாப்ஸ் எடுத்து அனுப்பும் பையனுக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர் இருக்கிறார், வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. காலையில் பையன் அனுப்பிய வீடியோவுக்கு ராத்திரிக்குள் "மொட்டு எத்தனை மணிக்குத் திரும்ப ஆரம்பிச்சுது? நாளைக்கு மேகமா இருந்தா என்ன ஆகும்னு பாரு" என்று ஒரு வரி வந்தால் போதும், மறுநாள் அவன் தானே வயலுக்குப் போவான். ஆனால் அந்த ஆசிரியரின் போனைத் திறந்து பார்த்தால், வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள் விவரம், தேர்வு மதிப்பெண் என்று கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டியவை வரிசையில் நிற்கும். ஆசிரியர் சங்கங்கள் வருடக்கணக்காகச் சொல்லிவரும் குறை இது. எமிஸில் ஏற்றுவது வேலை. மாணவனின் வீடியோவுக்கு ஒரு வரி பதில் எழுதுவது, இன்றைய கணக்குப்படி, ஆசிரியர் தன் சொந்த நேரத்தில் செய்து தரும் உபகாரம். முதலாவதைக் குறைத்து இரண்டாவதைப் பணி நேரத்துக்குள் சேர்க்கப் புதிதாகச் செயலி ஒன்றும் வேண்டாம், சுற்றறிக்கை ஒன்று போதும்.